வலியை மறைக்கப் போட்ட மாலை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். பத்திரிகைக்கு எழுதுகிற அளவுக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. அதிலும் நான் எழுதப்போவது எங்கள் பக்கத்தில் பெண்கள் தங்களுக்குள் கூடப் பேசிக்கொள்ளாத விஷயம். படித்துவிட்டு யாராவது முகம் சுளித்தால் அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. என்னைப் போல வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கும் ஒரு பெண்ணின் கண்ணிலாவது இது படட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரரிடம் கேட்டபோது, "எழுதேன். பேரு மட்டும் போடாத" என்றார்.

நடந்தது போன வருஷம் ஆவணி மாதத்தில். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு சின்ன ஊர் எங்களுடையது. என் அம்மாவும் மாமியாரும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். எங்கள் காலத்தில் எல்லோரும் கம்பெனிக்குப் போக ஆரம்பித்துவிட்டோம். என் வீட்டுக்காரர் வெல்டர். காட்டுப்பள்ளிப் பக்கம் ஒப்பந்த வேலை. விடிந்ததும் வேன் வந்து அழைத்துப் போகும், இருட்டுகிற நேரத்தில் கொண்டுவந்து விடும். நான் பிளாஸ்டிக் மூடி செய்கிற ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தேன். ஒரே மகள், கல்யாணமாகி ஊத்துக்கோட்டையில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

எனக்கு நாற்பது வயது நெருங்கும்போது விரல்களில் வலி ஆரம்பித்தது. கை நிறைய மூடிகளை அள்ளிப் பையில் போட வேண்டும். காலை ஷிப்டில் விரல்கள் மடங்காது. சூப்பர்வைசர் பெண் திட்டுவாள். வெயில் ஏறினால் கொஞ்சம் சரியாகும். அப்புறம் மணிக்கட்டு, முழங்கால், இடுப்பு என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டது. திருவள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து முடக்குவாதம் என்றார்கள். வயதானவர்களுக்கு வருகிற மூட்டுவலி இல்லையாம். நம் உடம்பே நம் மூட்டைத் தின்கிற நோயாம். வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார்கள். வேலையை விட்டுவிட்டேன்.

இதுவரை எழுதியதைச் சொல்வதில் கூச்சம் ஒன்றும் இல்லை. இதைத் தெருவில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். சொல்லாதது ஒன்று இருந்தது.

வியாதி வந்த பிறகு என் வீட்டுக்காரரோடு சேர்ந்து இருப்பது எனக்குப் பெரிய வேதனையாகிவிட்டது. இடுப்பு விரியாது. அவர் கை ஊன்றும் இடமெல்லாம் வலிக்கும். அதைக்கூடப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன். உள்ளே எரிச்சல் வந்ததுதான் பொறுக்க முடியவில்லை. வறண்டுபோன தரையைச் சுரண்டுவது மாதிரி இருக்கும். ஒருமுறை ரத்தம் கூடப் பட்டது. வேறு ஏதாவது பெரிய வியாதியோ என்று பயந்தேன். யாரிடம் கேட்பது? மகளிடம் கேட்க முடியுமா? மாத்திரை எழுதும் டாக்டரிடம், பின்னால் வரிசை நிற்கும்போது, கேட்க முடியுமா? அவரிடமே சொல்லலாம் என்றால், "எனக்கு நீ வேண்டாம்" என்று சொல்வது மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். அவர் நல்ல மனிதர். நோய் வந்தவள் என்று ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அம்மனுக்கு மாலை போட்டுக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சிவப்புப் புடவை கட்டி, கழுத்தில் மணிமாலை போட்டு, ஒரு மண்டலம் விரதம் இருப்பார்கள். மாலை போட்டவர்களைச் "சக்தி" என்றுதான் எல்லோரும் கூப்பிட வேண்டும். கட்டின கணவனும் அப்படித்தான் கூப்பிடுவான். கறி, மீன் என்று கவிச்சி எதுவும் கூடாது. புருஷனும் பெண்டாட்டியும் விலகிப் படுக்க வேண்டும். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். முதல் மண்டலம் என் உடம்பு சரியாக வேண்டும் என்று உண்மையாகத்தான் வேண்டிக்கொண்டேன். மாலையைக் கழற்றும் நாள் நெருங்க நெருங்க மறுபடியும் அந்த வலி வருமே என்று பயந்தேன். மகளுக்குக் குழந்தை நிற்க வேண்டும் என்று இன்னொரு மண்டலம் போட்டேன். பிறகு ஆடி மாதம் வந்தது, அதற்காக ஒன்று. இப்படியே போய்க்கொண்டிருந்தது.

தெருவில் என் மரியாதை ஏறிவிட்டது. ஆடியில் கூழ் ஊற்றும்போது என்னை முன்னால் நிறுத்தினார்கள். என்னைவிட வயதானவர்கள் என் காலில் விழுந்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

இதில் நான் செய்த முட்டாள்தனம் என்னவென்றால், விரதத்தில் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளிக்க வேண்டும். வெறும் பாயில் தரையில் படுக்க வேண்டும். முடக்குவாதம் உள்ளவளுக்கு இது இரண்டும் எப்படி இருக்கும் என்று அந்த நோய் உள்ளவர்களுக்குத் தெரியும். காலையில் பாயிலிருந்து எழுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஒரு வலிக்குப் பயந்து உடம்பு முழுக்க வலியைத் தேடிக்கொண்டேன்.

என் விரல்கள் மடங்காததால் காலையில் ஜாக்கெட் கொக்கியை அவர்தான் மாட்டிவிடுவார். மாலை போட்ட பிறகு அவர் அதை எப்படிச் செய்வார் தெரியுமா? முகத்தைத் திருப்பிச் சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டே மாட்டுவார். வெல்டிங் பிடித்த தடிமனான விரல்கள். பார்க்காமல் மாட்டுவதால் கொக்கி ஒன்று மாறிப்போகும். அவிழ்த்து மறுபடியும் மாட்டுவார். "ஆச்சு சக்தி" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

அந்த ஆவணியில் ஒரு நாள் சாப்பிட்டு முடித்த பிறகு அவர் மெதுவாக ஆரம்பித்தார். "மேஸ்திரி குஜராத்துக்கு ஆளு எடுக்குறாரு. ரெண்டு வருசம். நானும் வரேன்னு சொல்லலாமான்னு பாக்குறேன்."

"நான் இங்க தனியா இன்னா பண்ணுவேன்?" என்றேன்.

"நீ எங்க தனியா கீற சக்தி? நீ சாமி, பூஜைன்னு நிம்மதியா கீற. நாந்தான் நடுவுல இடைஞ்சலா கீறேன். பொண்ணு வந்து கூட இருக்கட்டும். எனக்குத் தெரியாதா? உனக்கு இந்தக் குடும்பமெல்லாம் உட்டுப் போச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் தட்டைக் கழுவிக்கொண்டே, பஸ் நேரம் சொல்வது மாதிரிச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு வந்து பதில் கேட்பார் என்றும் சொன்னார். அவர் போனால் போனதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வருகிறவர் விருந்தாளியாகத்தான் வருவார்.

அந்த வாரம் எனக்கு ஆஸ்பத்திரி நாள். பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போகிற பஸ்ஸில், சிவப்புப் புடவையைப் பார்த்து ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். வழி முழுக்க என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டே போனேன். ஒன்றும் தோன்றவில்லை.

மூட்டு டாக்டர் வருகிற நாளில் அங்கே பெஞ்சில் இடம் கிடைப்பது கஷ்டம். எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பொதட்டூர்பேட்டைக்காரர். பூக்கடை வைத்திருக்கிறார். விரல் மடங்காததால் இப்போது பூவைக் கட்டுவதில்லை, உதிரியாகத்தான் விற்கிறார். என்னைவிடப் பத்து வயது பெரியவர் இருப்பார். முன்பும் இரண்டு மூன்று தடவை அங்கே பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. அவருக்கு வாய் பெரிது. வாசலில் நிற்கிறவரிடம், "இன்னா நைனா, பேரு கூப்புடுவியா, இல்ல நாங்க இங்கியே குடித்தனம் பண்ணலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

என் பக்கம் திரும்பினார். "சக்தி, போன தபா வந்தப்பவும் மாலையில இருந்த. அதுக்கு முந்தின தபாவும் மாலையிலதான் இருந்த. அம்மா உன்னைய ஊட்டுக்கு அனுப்பவே மாட்டாளா?"

"வேண்டுதல்" என்றேன்.

"எத்தினி வேண்டுதல்?"

நான் மாலையைப் புடவைக்குள் தள்ளிக்கொண்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னும் நெருங்கி உட்கார்ந்து, அவருக்கு இவ்வளவு மெல்லிய குரல் இருக்கிறதா என்று நான் ஆச்சரியப்படும்படி, "வலிக்குதா?" என்று கேட்டார்.

எந்த வலி என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என்னை அறியாமல் தலையாட்டிவிட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அழுவாத. எனக்கும் இருந்துச்சு" என்றார். "எனக்கு மாலை போடுற யோசனையெல்லாம் வரல. நான் தலைவலின்னு சொன்னேன். வருசக் கணக்கா தலைவலி. என் ஊட்டுக்காரன் தலைவலி மாத்திரை வாங்கி வாங்கியே எங்க ஊரு மெடிக்கல்காரன் மாடி ஊடு கட்டிட்டான்."

அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள்.

"டாக்டரம்மா கிட்ட சொன்னியா?"

"எப்படிக்கா சொல்றது?"

"முட்டி வலிக்குதுன்னு சொல்றல்ல, அப்டித்தான்."

"எனக்கு வாய் வராதுக்கா."

அதற்குள் எங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். அங்கே இரண்டு இரண்டு பேராகத்தான் உள்ளே விடுவார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். காலையிலிருந்து பார்த்துப் பார்த்துக் களைத்துப்போயிருந்தார். என் விரல்களை அழுத்திப் பார்த்தார். மணிக்கட்டைப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். "போன தடவையைவிட வீக்கம் ஜாஸ்தியா இருக்கே. மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்றார். சாப்பிடுகிறேன் என்றேன். "அப்போ ஏன் இப்படி? டோஸ் ஏத்திடலாமா..." என்று பேனாவை எடுத்தார்.

பூக்கார அம்மா குறுக்கே பேசினார். "டாக்டரம்மா, எழுதாதீங்க. அவங்க தரையில படுக்குறாங்க. பச்சத் தண்ணியில குளிக்கிறாங்க. மாலை போட்டுக்கினு கீறாங்க."

"உடம்பு இப்படி இருக்கும்போது எதுக்கும்மா இவ்ளோ கடுமையா விரதம்?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

நான் தலை குனிந்துகொண்டேன். பூக்கார அம்மா என் முழங்கையை மெதுவாகத் தொட்டார். "நான் சொல்லட்டா?" என்று என்னிடம் கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் டாக்டர் பக்கம் திரும்பி, "ஊட்டுக்காரரோட இருக்க முடியல டாக்டரம்மா. வலி. அத்த சொல்றதுக்கு வெக்கம். அதுக்குத்தான் மாலை" என்றார். அவ்வளவுதான். நான் ஒன்றரை வருஷமாகச் சுமந்ததை அவர் ஒரு மூச்சில் இறக்கி வைத்துவிட்டார். பிறகு, "நான் வெளிய கீறேன். நீ பேசு" என்று எழுந்து போய்விட்டார். அவருக்கு இன்னும் மாத்திரைகூட எழுதவில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்தில் நின்ற பயிற்சி மாணவர்களை வெளியே இருக்கச் சொன்னார். திரையை இழுத்துவிட்டார். "நான்தான் கேட்டிருக்கணும். ஸாரிம்மா. நாங்க கை, காலெல்லாம் கேக்குறோம், இதைக் கேக்குறதே இல்ல" என்றார். ஒரு டாக்டர் என்னிடம் ஸாரி சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இந்த நோயில் சிலருக்குக் கண்ணும் வாயும் உலர்ந்துபோகும். எனக்கும் கண்ணில் மண் விழுந்தது மாதிரி இருக்கும். அதே மாதிரிதான் அங்கேயும் உலர்ந்துபோகுமாம். மாதவிலக்கு நிற்கப்போகும் வயதும் சேர்ந்துகொண்டால் இன்னும் அதிகமாகுமாம். "இது உங்க மனசுல இருக்குற குறை இல்ல, அவர் மேல ஆசை இல்லன்னும் அர்த்தம் இல்ல" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மறுபடியும் அழுகை வந்தது. ஏனென்றால் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த உலர்ச்சிக்குத் தடவ மருந்துக்கடையில் வாசனை சேர்க்காத ஒரு ஜெல் கிடைக்கும் என்று பெயர் எழுதிக் கொடுத்தார். காலையில் உடம்பு இறுகியிருக்கும்போது வேண்டாம், உடம்பு இளகியிருக்கும் நேரம் பார்த்து, வெந்நீரில் குளித்துவிட்டு, வலி மாத்திரையை அதற்குத் தகுந்த மாதிரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளச் சொன்னார். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கலாம், பக்கவாட்டில் படுக்கலாம் என்று ஒரு தாளில் கோடு கோடாகப் படம்கூடப் போட்டுக் காட்டினார். நான் விரல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். வாரம் ஒரு நாள் நான் சாப்பிடுகிற மாத்திரைக்குக் கர்ப்பம் தரிக்கவே கூடாது, அதற்கும் பாதுகாப்பு வேண்டும் என்றார். அதுவரை எனக்கு அது தெரியாது. ரத்தம் பட்டதைச் சொன்னேன். அன்றைக்கே பெண்கள் டாக்டரிடம் அனுப்பிப் பார்க்கச் சொன்னார். அங்கே பார்த்துப் பயப்படும்படி ஒன்றும் இல்லை என்றார்கள்.

என்னை அங்கே அனுப்பும்போது மூட்டு டாக்டர் கடைசியாகச் சொன்னது, "மருந்து நான் எழுதிட்டேன். ஆனா வீட்டுக்காரர்கிட்ட நீங்கதான் சொல்லணும். அதை நான் எழுதித் தர முடியாது."

வெளியே வந்து பூக்கார அம்மாவைத் தேடினேன். அதற்குள் அவர் முறை வந்து முடிந்து, திருத்தணி பஸ்ஸுக்குப் போய்விட்டாராம். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

ஊர் வந்து மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் எழுந்து நின்று, "சொல்லுங்க சக்தி, இன்னா வேணும்?" என்றார். பக்கத்தில் இரண்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். சிவப்புப் புடவையும் மாலையுமாக நின்றுகொண்டு அந்தச் சீட்டை எப்படி நீட்டுவது? ஒரு தலைவலித் தைலம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பூக்கார அம்மா பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்.

சனிக்கிழமை எங்கள் தெருக் கோவிலுக்குப் போனேன். எங்களுக்கெல்லாம் மாலை போட்டுவிடுகிற ஒரு பெரியம்மா அங்கே இருக்கிறார். "மாலையைக் கழட்டணும் பெரீம்மா" என்றேன்.

"மண்டலம் முடியலையே சக்தி?"

"உடம்புக்கு முடியல."

இவ்வளவு நாளில் அந்தக் கோவிலில் நின்று நான் சொன்ன முதல் உண்மை அதுதான். ஏதாவது பரிகாரம் சொல்வார், திட்டுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். "முடியலன்னா முன்னாடியே சொல்லக் கூடாதா? அம்மா இன்னா உன்னைய அடிக்கவா போறா?" என்று சொல்லி, கற்பூரம் காட்டி, மாலையைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு ஓவர்டைம். வீட்டுக்கு வந்ததும் படுத்துத் தூங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் நீலப் புடவை கட்டிக்கொண்டு, பழவேற்காட்டு மீன்காரம்மாவிடம் மடவை வாங்கி வைத்தேன். கடைக்குப் போய்விட்டு வந்தவர் மீன் வாசனையில் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாமே, மாலையைக் கழட்டிட்டியா?" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் என்னை "இன்னாமே" என்று கூப்பிட்டார்.

"ம். மீனு கழுவிக் குடுங்க. எனக்குக் கை வரல."

அவர் பின்பக்கம் குழாயடியில் உட்கார்ந்து செதில் உரிக்க ஆரம்பித்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் படியில் உட்கார்ந்தேன். சாயங்காலம் மேஸ்திரி வந்துவிடுவார். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. முதுகைப் பார்த்துச் சொல்லலாம் போல இருந்தது.

சொன்னேன். இடுப்பு வலியைச் சொன்னேன், எரிச்சலைச் சொன்னேன், ரத்தம் பட்டதைச் சொன்னேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "அதுக்குப் பயந்துகினுதான் மாலை போட்டேன். உன் மேல வெறுப்பு இல்ல" என்றேன். நான் அவரை "உன்" என்று சொல்வது எனக்குக் கோபமோ அழுகையோ வரும்போது மட்டும்தான்.

செதில் உரிக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது. குழாயில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ரத்தமா வந்துச்சு?" என்றார்.

"ஒரு தபாதான்."

"என்னாலயா?"

"உன்னால இல்ல. வியாதியால."

அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். கன்னத்தில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டது. "நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? என் மேல வெல்டிங் பொகை நாத்தம் அடிக்குதுன்னு நெனச்சேன். நாள் முழுக்க பொகையில நிக்கிறவன், அதான் உனக்குப் புடிக்கலன்னு. வாசன சோப்பா வாங்கி ரெண்டு தபா குளிச்சிப் பாத்தேன். நீ அப்பவும் திரும்பிப் படுத்த."

அந்தச் சோப்பு எனக்கு நினைவு இருந்தது. ஏன் இவ்வளவு விலை போட்டு வாங்குகிறார் என்று நான் சண்டை போட்டிருந்தேன்.

"உன் கையைத் தொட்டாக்கூட நீ பல்லக் கடிப்ப" என்றார். "தொடுறதுக்கே பயமா இருந்துச்சு. நீ மாலை போட்டதும், சரி, நல்லதாப் போச்சுன்னு நானும் உட்டுட்டேன். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். எனக்கும் வாய் வரல."

அப்போது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. மேஸ்திரி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். "இன்னாப்பா, மீன் கொழம்பா? நல்ல நாளாத்தான் வந்துகீறேன்" என்று வெளியிலிருந்தே பேசினார். நான் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். என் வீட்டுக்காரர் கை முழுக்கச் செதிலோடு வாசலுக்குப் போனார்.

"ஆதார் நகலு ரெடியா?" என்றார் மேஸ்திரி.

"நாளைக்குச் சொல்றேன் மேஸ்திரி."

"இன்னாப்பா, நீதானே மொத ஆளா வந்து கேட்ட? டிக்கெட் போடணும். இப்படி பேஜார் பண்ணா எப்படி?"

"காலையில போன் பண்றேன்" என்றார் இவர். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். எனக்கு அந்த "நாளைக்கு" போதவில்லை. ஆனால் அதற்கு மேல் கேட்கவும் தைரியம் இல்லை. குழம்பை வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும், "அந்தச் சீட்டு எங்க?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு கடைக்குப் போனார். ஜெல்லும், கூடவே ஒரு வெந்நீர்ப் பையும், இரண்டு புதுத் தலையணையும் வாங்கிக்கொண்டு வந்தார். "கடையில இன்னா சொல்லிக் கேட்டீங்க?" என்றேன். "சீட்ட நீட்டிட்டு ரோட்டப் பாத்துக்கினு நின்னேன்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அதற்கு மேல் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, மன்னித்துவிடுங்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். நோய் இருக்கிறது. சில வாரம் விரல்கூட அசையாது. அப்போது சும்மா பக்கத்தில் படுத்துக்கொண்டு டிவி பார்ப்போம். ஆனால் வலித்தால் வலிக்கிறது என்று சொல்கிறேன். அவரும் கேட்கிறார். பூக்கார அம்மாவை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அவர் வருகிற நாள் மாறியிருக்கலாம். ஆஸ்பத்திரி பெஞ்சில் புதிதாக ஒரு பெண் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தால், முட்டி எப்படி இருக்கிறது, மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி அந்த இன்னொன்றையும் கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு முகம் சூடாகிவிடுகிறது. என்னிடம் ஒருவர் கேட்டதால்தான் என் வீடு வீடாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கேட்டுவிடுகிறேன்.

மேஸ்திரி வந்துபோனதற்கு மறுநாள் திங்கட்கிழமை. அவர் மேஸ்திரிக்குப் போன் செய்து குஜராத்துக்கு வரவில்லை என்று சொன்னார். ஏன் என்று மேஸ்திரி கேட்டதற்கு, "ஊட்ல வேலை கீது" என்றார். பிறகு வேன் வந்தது, போய்விட்டார்.